கேட்கும் குரலும் மருந்துச் சீட்டும்: நீரிழிவோடு மனச்சோர்வு சேர்ந்தவர்களுக்குத் தொலைபேசிவழி உரையாடல் சிகிச்சை

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் பியெட்டும் அவர் குழுவினரும் 2011இல் 'மெடிக்கல் கேர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டாம் வகை நீரிழிவும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 291 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் மட்டும் பயிற்சி பெற்ற செவிலியர்கள் தொலைபேசியில் பேசினார்கள். முதல் 12 வாரம் வாரம் ஒரு முறை, பிறகு 9 மாதம் மாதம் ஒரு முறை. பேச்சின் அடிப்படை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. கூடவே நடைப்பயிற்சிக்கான ஊக்கம். ஓராண்டு முடிவில், பேசப்பட்டவர்களில் 58 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு நீங்கியிருந்தது. மற்றவர்களில் 39 சதவீதம். பேசப்பட்டவர்களுக்கு மேல் இரத்த அழுத்தம் ஏறத்தாழ 4 புள்ளி குறைந்தது. ஒரு நாளைக்கு ஆயிரம் காலடிக்கு மேல் கூடுதலாக நடந்தார்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி மட்டும் அசையவில்லை.

இந்த முடிவு தனித்த ஒன்றல்ல. அதே ஆண்டில் நெதர்லாந்தில் 255 பேரிடம் இணையவழிச் சிகிச்சையைச் சோதித்த வான் பாஸ்டெலார் குழுவினரும் இதையே கண்டார்கள்: மனச்சோர்வு குறைந்தது, நோயோடு வாழும் துயரம் குறைந்தது, சர்க்கரை குறையவில்லை. இதை வைத்துக்கொண்டு, "பேசிப் பேசிச் சர்க்கரையை இறக்க முடியாது, ஆகவே நீரிழிவு மருத்துவமனைக்கு இது தேவையில்லை" என்று சொல்வோர் உண்டு. அந்த வாதம் இரண்டு இடங்களில் தவறுகிறது என்பது என் துணிபு. மனச்சோர்வு நீங்குவதை ஒரு பயனாகவே அது எண்ணவில்லை. சர்க்கரை அளவு இறங்கினால்தான் அந்த மனிதரின் துன்பத்துக்கு மதிப்பு என்று கருதுகிறது. அடுத்தது, சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று கேட்காமலே நின்றுவிடுகிறது. பியெட் ஆய்வில் சேர்ந்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே சர்க்கரை ஓரளவு கட்டுக்குள்தான் இருந்தது. இறங்க அதிக இடமில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு: தொலைபேசியில் பேசியவரின் கையில் மருந்துச் சீட்டு இல்லை. தொலைதூர உரையாடல் சிகிச்சை மனதுக்கு வேலை செய்கிறது. அது உடலுக்கும் வேலை செய்ய வேண்டுமானால், பேசுகிறவருக்கும் மருந்தை மாற்றி எழுதுகிறவருக்கும் இடையே ஒரு பாதை வேண்டும். இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று 2001இல் ஆண்டர்சன் குழுவினரின் தொகுப்பாய்வு காட்டியது. சென்னையில் 25,455 பேரிடம் நடத்தி 2009இல் வெளியான 'கியூர்ஸ்' ஆய்வில், பொதுமக்களிடமே 15.1 சதவீதத்தினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி பேர் என்பது 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின் மதிப்பீடு. இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், இது சிலருடைய பிரச்சினை அல்ல என்பது புரியும். சோர்ந்த மனம் மாத்திரையை மறக்கிறது; நடக்கப் போகாமல் படுத்துக்கிடக்கிறது; "இனி என்ன இருக்கு" என்று சொல்லிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறது. ஏறிய சர்க்கரை அசதியாகவும் கெட்ட தூக்கமாகவும் திரும்பி வந்து மனதை இன்னும் கீழே இழுக்கிறது.

இந்தப் பின்னலில் அறிகுறிகளைப் பிரிப்பதே முதல் சிக்கல். மனச்சோர்வைக் கண்டறியப் பரவலாகப் பயன்படும் பிஎச்கியூ-9 வினாப்பட்டியலில் ஒன்பது கேள்விகள். தூக்கம், களைப்பு, பசி ஆகிய மூன்றும் நேராகச் சர்க்கரையாலேயே கெடக்கூடியவை. "தூக்கம் வரலீங்க" என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னால் உடனே மதிப்பெண் போட்டுவிடக் கூடாது. "ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கிறீங்க? எதுக்காக எழுந்திரிக்கிறீங்க?" என்று அடுத்த கேள்வி வர வேண்டும். சிறுநீர் கழிக்க நான்கு முறை எழுந்திருப்பவருக்கும், மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக் கிடப்பவருக்கும் தேவைப்படுவது வேறு வேறு. அதேபோல், எல்லாக் கலக்கமும் மனச்சோர்வு அல்ல. தினமும் குத்திப் பார்ப்பதும், சோற்றைக் கணக்குப் பார்த்து உண்பதும், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் "உனக்குத்தான் சுகர் ஆச்சே" என்று கேட்டுக்கொண்டே இருப்பதும் தருகிற சலிப்பை நீரிழிவுத் துயரம் எனலாம். வில்லியம் பொலான்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் 1995இல் அதை அளக்க ஒரு வினாப்பட்டியலை வகுத்தார்கள். அந்தத் துயரத்துக்கு மனச்சோர்வு மாத்திரை மருந்தாகாது. நோயைப் பற்றியே யாராவது பொறுமையாகப் பேசுவதுதான் மருந்து.

பதற்றத்தில் இந்தப் பின்னல் இன்னும் இறுகுகிறது. இத்தகைய அழைப்புகளில் வரக்கூடிய ஒரு கட்டத்தை மாதிரிக்கு எழுதிப் பார்க்கிறேன். மாலை நான்கு மணி. ஐம்பது வயது தாண்டிய அம்மா. கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர். வழக்கமான வாராந்திர அழைப்பு.

"அம்மா, இப்ப பேசலாமா?"

"பேசலாம்மா. ஆனா கை நடுங்குது. நெஞ்சு படபடங்குது, வேர்த்து ஊத்துது. ஏதோ ஆகப்போகுதுன்னு பயமா இருக்கு."

"நெஞ்சுல வலி இருக்காம்மா?"

"வலி இல்ல. படபடப்புதான்."

"சரிம்மா, உக்காந்துக்குங்க. சுகர் மெஷின் பக்கத்துல இருக்கா? முதல்ல குத்திப் பாத்துடலாம். நான் லைன்லயே இருக்கேன்."

நடுக்கம், வியர்வை, படபடப்பு, அச்சம் ஆகிய நான்கும் பதற்றத்தின் அறிகுறிகள். தாழ்சர்க்கரையின் அறிகுறிகளும் அவையே. பேசுகிறவரின் குரலை மட்டும் வைத்து எவராலும் பிரித்தறிய முடியாது. மெஷின் 61 என்று காட்டினால் அது மனநல உரையாடலுக்கான நேரமே அல்ல: மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வைத்து, அன்றைக்கே மருத்துவருக்குத் தகவல் போக வேண்டும், மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். நெஞ்சு வலி என்றிருந்தால் மெஷினுக்கும் காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மெஷின் 138 காட்டினால் கதையே வேறு. பயம் ஒன்று சொன்னது, மெஷின் வேறொன்று சொன்னது. அந்த அம்மாவே தன் விரலைக் குத்தித் தன் கண்ணால் பார்த்தார். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் ஒரு நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கச் செய்யும் பயிற்சிகளில் இதைவிடத் தெளிவான ஒன்றை அறையில் உட்கார்ந்து அமைக்க முடியாது. இப்படிச் சோதிக்காதவர்கள் ஒவ்வொரு படபடப்புக்கும் இனிப்பை வாயில் போட்டுக்கொள்கிறார்கள். அல்லது 'லோ' ஆகிவிடுமோ என்ற பயத்தில் இன்சுலினைத் தாமே குறைத்துவிடுகிறார்கள். இரண்டிலும் சர்க்கரை ஏறும். மருத்துவமனைச் சீட்டில் அது "மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை" என்று பதிவாகும்.

தொலைவு ஒரு குறை என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். கண்ணீர் தெரியாது, முகம் தெரியாது, மௌனத்தின் பொருள் தெரியாது, உண்மைதான். ஆனால் நீரிழிவு மருத்துவமனையில் நடக்கும் நோயல்ல, அடுக்களையில் நடக்கும் நோய். மாத்திரை டப்பா, மெஷின், மதியம் மிஞ்சிய சோறு எல்லாம் இருக்கும் இடத்திலேயே உரையாடலும் நடக்கிறது. ஒரு மாதம் கழித்து மருத்துவர் எதிரில் உட்கார்ந்து நினைவுகூரும் படபடப்பும், நடக்கும்போதே பிடிபடும் படபடப்பும் ஒன்றல்ல.

அந்த அழைப்பில் 61 வந்திருந்தால் தகவல் எங்கே போகும் என்பதுதான் முக்கியக் கேள்வி. வேன் கேட்டனும் சகாக்களும் வாஷிங்டன் மாநிலத்தில் 214 பேரிடம் நடத்தி, 2010இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. அங்கே செவிலியர்கள் நோயாளிகளோடு பேசியதோடு நிற்கவில்லை. ஒவ்வொருவரின் எண்களையும் வாரந்தோறும் மருத்துவர்களோடு உட்கார்ந்து பார்த்தார்கள், மருந்து மாற்றத்துக்கான பரிந்துரை சிகிச்சை தரும் மருத்துவருக்குப் போனது. அங்கே மனச்சோர்வும் குறைந்தது, எச்பிஏ1சியும் குறைந்தது. அந்த மாதிரியை நம் மண்ணுக்கு ஏற்ப மாற்றி, சென்னை, பெங்களூரு, விசாகப்பட்டினம், டெல்லி ஆகிய ஊர்களில் நான்கு மருத்துவமனைகளில் 404 பேரிடம் நடத்தியதே 'இண்டிபெண்டன்ட்' ஆய்வு. 2020இல் 'ஜாமா' இதழில் வந்தது. மருத்துவரல்லாத பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர்கள் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தும் பேசியும் வந்தார்கள். வல்லுநர்கள் ஒவ்வொருவரின் நிலையையும் அவ்வப்போது ஆராய்ந்தார்கள். இந்தத் துணை 12 மாதம். முடிவை அளந்தது 24 மாதத்தில். இலக்கை எட்டியவர்கள் துணை பெற்ற பிரிவில் 71.6 சதவீதம், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 57.4 சதவீதம்.

இந்த எண்ணை ஆராயாமல் கொண்டாடக் கூடாது. இலக்கு என்பது கூட்டு இலக்கு: மனச்சோர்வு பாதியாகக் குறைய வேண்டும், கூடவே சர்க்கரை, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு மூன்றில் ஏதேனும் ஒன்று குறிப்பிட்ட அளவு குறைந்தால் போதும். வழக்கமான சிகிச்சையிலும் பாதிப் பேருக்கு மேல் இலக்கை எட்டினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அது முழுக்கத் தொலைபேசிச் சிகிச்சையும் அல்ல. இவ்வளவையும் கழித்துப் பார்த்தாலும், துணை முடிந்து ஓராண்டு ஆன பின்பும் வேறுபாடு நீடித்தது என்பது பேசுபவரை மருந்துச் சீட்டோடு கட்டிவைத்ததன் பலன் என்றே நான் கருதுகிறேன்.

இப்படிப் பேசித் துணை நிற்கும் தொழிலைச் செய்பவரைத் தமிழில் ஆற்றுப்படுத்துநர் என்கிறோம். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் வழியில் செலுத்துதல். ஆற்றுப்படை நூல்களில் பரிசில் பெற்று வருகிறவன், எதிரே வறுமையோடு வருகிறவனுக்கு, எந்த ஊர் வழியாகப் போக வேண்டும், எவரிடம் போய் நிற்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறான். நல்ல வார்த்தையோடு அவன் நிறுத்திக்கொள்வதில்லை. சொல்லுக்குள் இருக்கும் இந்தப் பொருளை நம் மனநலத் தொலைபேசிச் சேவைகள் மீட்டெடுக்க வேண்டும்.

2022 அக்டோபர் 10 முதல் நாடெங்கும் 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' இயங்குகிறது. இரவு இரண்டு மணிக்கும் தமிழில் பேச ஒருவர் கிடைப்பது பெரிய பேறு. அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. ஆனால் உதவி எண்ணும் சிகிச்சையும் ஒன்றல்ல. உதவி எண்ணை நோயாளி அழைக்க வேண்டும். சிகிச்சையில் நோயாளியை அழைக்க ஒருவர் இருக்கிறார். எதிலும் பிடிப்பற்றுக் கிடப்பவர் தாமே எண்ணை அழுத்திக் கூப்பிடுவார் என்று எதிர்பார்ப்பது, மனச்சோர்வு இல்லாதவராக இருந்துகொண்டு மனச்சோர்வுக்குச் சிகிச்சை தேடச் சொல்வது போல. பியெட் ஆய்வில் செவிலியர்களே அழைத்தார்கள், ஒரே குரல் திரும்பத் திரும்ப வந்தது. அதன் வலிமையே அதில்தான்.

அழைப்பு வீடு தேடி வருவதால் ஆட்கள் பாதியில் விலகுவதும் குறைகிறது. டேவிட் மோர் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில் 325 பேர். அவர்கள் நீரிழிவு நோயாளிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர், மனச்சோர்வு உள்ளவர்கள். நேரில் சிகிச்சை பெற்றவர்களில் 32.7 சதவீதம் விலக, தொலைபேசியில் 20.9 சதவீதமே விலகினார்கள். சிகிச்சை முடிந்த நாளில் இரு பிரிவினருக்கும் பலன் ஒன்றாகவே இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதோ, நேரில் பெற்றவர்கள் சற்றே நல்ல நிலையில் இருந்தார்கள். தொலைபேசி ஆளைப் பிடித்துவைக்கிறது, பலனை அதே இறுக்கத்தோடு பிடித்துவைக்கிறதா என்பது ஐயமே. ஆகவே பன்னிரண்டு வாரத்தோடு முடித்துக்கொள்ளாமல் மாதாந்திர அழைப்புகளைத் தொடர்வது வீண்செலவல்ல.

வீட்டில் பேசுவதற்கு ஒரு விலையும் உண்டு. ஒற்றை அறை வீட்டில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கணவரின் கைபேசியில், ஸ்பீக்கர் போட்டபடி ஒரு பெண் தன் மனதைத் திறக்க மாட்டார். "இப்ப பேசலாமா?" என்பது ஒவ்வொரு அழைப்பின் முதல் கேள்வியாக இருக்க வேண்டியது அதனால்தான். பேச முடியாத நேரத்தில் சொல்ல ஒரு சாதாரண வாக்கியத்தை இருவரும் முன்பே ஒப்புக்கொள்ளலாம்: "மாத்திரை வாங்கிட்டேன்மா" என்றால் அழைப்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று பொருள். உயிரை விடும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்கும் பயிற்சியும், நோயாளி இருக்கும் முகவரியும், அருகில் ஓடிவரக்கூடிய ஒருவரின் எண்ணும் முதல் அழைப்பிலேயே கையில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் தொலைவிலிருந்து சிகிச்சை தொடங்குவது தவறு.

பேச ஆட்கள் எங்கே என்ற கேள்விக்குக் கோவாவில் விடை கிடைத்தது. விக்ரம் படேல் குழுவினர் 2017இல் 'லான்செட்'டில் வெளியிட்ட ஆய்வில், மனநலப் பட்டம் ஏதும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் 6 முதல் 8 அமர்வுகளில் சிகிச்சை தந்தார்கள். 64 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு நீங்கியது, ஒப்பீட்டுப் பிரிவில் 39 சதவீதம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளோடு பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே போகிறார்கள். ஆர்வமின்மை, மனம் தாழ்ந்திருத்தல் என்ற பிஎச்கியூ-9இன் முதல் இரண்டு கேள்விகளை அவர்கள் அந்த வாசலிலேயே கேட்கலாம். ஒப்புதல் பெற்றுத் தொலைபேசி எண்ணைக் குறித்துத் தரலாம். அந்த எண்ணுக்கு வாரந்தோறும் ஒரே ஆலோசகர் அழைக்க வேண்டும். அவர் கேட்டறியும் 61களும் 138களும், விடுபட்ட இன்சுலின் ஊசிகளும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பார்க்கும் அதே பதிவேட்டில், அதே பக்கத்தில் ஏற வேண்டும். தொலைபேசிக் கட்டணம் இன்று ஒரு பொருட்டல்ல. அந்த ஆலோசகரின் மாதச் சம்பளமும், அவருடைய குறிப்பை வாரம் ஒருமுறை படிக்க மருத்துவருக்கு ஒதுக்கப்படும் அரை மணி நேரமும்தான் இத்திட்டத்தின் உண்மையான செலவு.