பிராங் யலொப்: சான் ஹொசே அணியை இருமுறை கட்டியெழுப்பிய முகாமையாளர்

பிளசன்டனிலிருந்து 680 நெடுஞ்சாலையில் தெற்கே போய், சுனோல் மேட்டைக் கடந்து இறங்கினால் சான் ஹொசே. அந்த நகரின் உதைபந்தாட்ட அணியான எர்த்குவேக்ஸ், அமெரிக்காவின் முதல்தர லீக்கான எம்எல்எஸ் சம்பியன் கிண்ணத்தை இதுவரை இரண்டு முறை வென்றிருக்கிறது. 2001இல் ஒன்று, 2003இல் ஒன்று. இரண்டு முறையும் அணியின் பொறுப்பில் இருந்தவர் பிராங் யலொப். இங்கிலாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, மறுபடி இங்கிலாந்து சென்று ஒரே கழகத்துக்குப் பதின்மூன்று பருவங்கள் ஆடி, கடைசியில் கலிபோர்னியாவில் பெயர் எடுத்தவர். எமது பிள்ளைகளில் பலர் சனிக்கிழமை காலைகளில் பந்து உதைக்கப் போகிறார்கள். அவர்களை ஏற்றி இறக்கும் பெற்றோரில் இந்தப் பெயரை அறிந்தவர்கள் குறைவு என்பதால் இதை எழுதுகிறோம்.

ஒரு சொல் விளக்கம். இங்கிலாந்தில் அணியை நடத்துபவரை முகாமையாளர் என்பார்கள். அமெரிக்காவில் தலைமைப் பயிற்றுநர். இங்கே இரண்டையும் ஒரே பொருளில் பயன்படுத்துகிறோம்.

யலொப் 1964 ஏப்ரலில் இலண்டனுக்கு அருகிலுள்ள வொட்போர்ட்டில் பிறந்தார். சிறுவயதில் குடும்பத்தோடு கனடா சென்றார். பதின்ம வயதில் பந்தாட்டத்துக்காகத் திரும்பி வந்து சேர்ந்த இடம் இங்கிலாந்தின் கிழக்கிலுள்ள இப்ஸ்விச் ரவுண் கழகம். முதல் அணியில் அவர் ஆடத் தொடங்கியது 1983இல். அந்த ஆண்டு என்றால் எமக்கு நினைவுக்கு வருவது வேறு. அவருக்கோ அது ஒரு நீண்ட உத்தியோகத்தின் முதல் வருடம். 1996 வரை அங்கேயே இருந்தார். 300க்கும் மேற்பட்ட லீக் ஆட்டங்கள். கோல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. காரணம், அவர் ஆடியது ரைற் பாக். இளவாலையிலோ குருநகரிலோ பந்தாட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், மாலை விழுவது முன்னால் நின்று கோல் அடித்தவனுக்குத்தான். ரைற் பாக் பிழை விட்டால் மட்டும் அவன் பெயர் மைதானம் முழுக்கக் கேட்கும்.

இப்ஸ்விச் அந்தக் காலத்தில் ஏறி இறங்கிய கழகம். 1986இல் முதற்பிரிவிலிருந்து கீழே விழுந்தது. ஆறு ஆண்டுகள் இரண்டாம் பிரிவில் கிடந்து, 1992இல் அதன் சம்பியனாகி, புதிதாகத் தொடங்கிய பிரீமியர் லீக்கின் முதல் பருவத்துக்குள் நுழைந்தது. அந்தப் பருவத்தில், 1993 ஜனவரியில், மான்செஸ்டர் யுனைற்றட்டை 2–1 என வென்றது. இப்ஸ்விச்சின் இரண்டு கோல்களில் ஒன்று யலொப்புடையது. யுனைற்றட் அவ்வருடம் சம்பியனானது. பிறகு 1995 மார்ச்சில் அதே யுனைற்றட்டிடம் இப்ஸ்விச் 9–0 எனத் தோற்றது. அந்தப் பருவ முடிவில் மீண்டும் கீழே இறங்கியது. ஏற்றம், இறக்கம் இரண்டையும் ஒரே சட்டையோடு பார்த்தவர் இவர். வேறு கழகம் தேடி ஓடாமல் கீழ்ப்பிரிவில் ஆறு வருடம் ஆடியது, பின்னாளில் இவர் அணிகளை நடத்திய விதத்துக்கு ஒரு திறவுகோல் என்பது எமது எண்ணம்.

நாட்டுக்காக ஆடும்போது கனடாவைத் தெரிவுசெய்தார். 52 சர்வதேசப் போட்டிகள். 1994 உலகக் கிண்ணத்துக்குக் கனடா மிக அருகில் வந்து, 1993இல் அவுஸ்திரேலியாவிடம் தண்ட உதைகளில் தோற்றது. அதன் பிறகு 2022வரை கனடாவுக்கு அந்த வாசல் திறக்கவில்லை.

எம்எல்எஸ் 1996இல் தொடங்கியபோது யலொப் புளோரிடாவின் ரம்பா பே மியூற்றினி அணிக்கு வந்தார். அந்த முதல் பருவத்தில் அவருடைய அணித்தோழர் ரோய் லாசிற்றர் 27 கோல்கள் அடித்தார். இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கட்டும், பின்னால் தேவைப்படும். 1998உடன் ஆடுவதை நிறுத்திவிட்டு, வாஷிங்டனின் டி.சி. யுனைற்றட்டில் உதவிப் பயிற்றுநரானார்.

2001இல் சான் ஹொசே அவரை அழைத்தது. முந்தைய பருவத்தில் 32 ஆட்டங்களில் 7 மட்டும் வென்ற அணி அது. தலைமைப் பயிற்றுநராக முன்னனுபவம் இல்லாத ஒருவரிடம் அதைக் கொடுத்தார்கள். அவர் சேர்த்த ஆட்களைப் பாருங்கள். ஜெர்மனியின் பாயர் லெவர்குசனில் இடம் கிடைக்காமல் வாடிய 19 வயது லாண்டன் டொனோவன், கடனாக. டி.சி.யிலிருந்து அனுபவசாலி ஜெஃப் அகூஸ். கீழ்நிலை லீக்கிலிருந்து டுவெய்ன் டி ரொசாரியோ. இந்தக் கடைசிப் பெயர் ரொறன்ரோ உறவுகளுக்குத் தெரிந்திருக்கும்: கயானாவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்த ஸ்காபரோப் பிள்ளை. அந்த ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் திகதி, ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் நடந்த இறுதிப்போட்டியில் லொஸ் ஏஞ்சலிஸ் கலக்சி முதலில் கோல் போட்டது. டொனோவன் சமப்படுத்தினார். மாற்று வீரராக இறங்கிய டி ரொசாரியோ மேலதிக நேரத்தில் அடித்த கோல் கிண்ணத்தைத் தந்தது. முதல் கோலோடு ஆட்டம் முடிந்துவிடும் தங்கக் கோல் விதி அப்போது இருந்தது. கடைசி இடத்து அணியை ஒரே வருடத்தில் சம்பியனாக்கியதற்காக யலொப்புக்கு ஆண்டின் சிறந்த பயிற்றுநர் விருது.

2003இல் நடந்ததை இன்றும் சான் ஹொசே ரசிகர்கள் கதையாகச் சொல்வார்கள். கலக்சியுடனான இரு ஆட்டச் சுற்றில் முதல் ஆட்டம் 0–2 தோல்வி. நவம்பர் 9, ஸ்பார்ட்டன் அரங்கில் இரண்டாவது ஆட்டம். தொடங்கிக் கால் மணித்தியாலத்துக்குள் கலக்சி மேலும் இரண்டு போட்டது. மொத்தக் கணக்கில் 0–4. எந்தக் கணக்காளரும் அந்த இடத்தில் அறவிடமுடியாக் கடன் என்று எழுதிப் புத்தகத்தை மூடியிருப்பார். அகூஸ் ஒன்று, டொனோவன் ஒன்று. இடைவேளைக்குப் பின் ஜமில் வோக்கர் ஒன்று. 90ஆவது நிமிடத்தில் கிறிஸ் ரோனர் தலையால் முட்டி மொத்தத்தை 4–4 ஆக்கினார். மேலதிக நேரத்தில் ரொட்ரிகோ பாரியா ஐந்தாவதை அடித்தார். இரண்டு வாரம் கழித்து இறுதிப்போட்டியில் சிக்காகோ பயரை 4–2 என வென்றார்கள். அதில் ஒரு தண்ட உதையைத் தடுத்த பந்துக்காப்பாளர் பற் ஒன்ஸ்ராட், கனடாக்காரர், 35 வயதில்தான் இந்த லீக்குக்கே வந்தவர். அவருக்கு வாய்ப்புக் கொடுத்தவர் யலொப்.

அதன் பிறகு கனடா தேசிய அணியின் பொறுப்புக் கிடைத்தது. சான் ஹொசேயை உதவியாளர் டொமினிக் கினியரிடம் விட்டுப் போனார். தேசிய அணியில் அவரால் அதிகம் செய்ய முடியவில்லை. கொஸ்ரா ரிக்கா, ஹொண்டுராஸ், குவாத்தமாலா இருந்த குழுவில் 2006 உலகக் கிண்ணக் கனவு 2004இலேயே முடிந்துபோயிற்று.

இதற்கிடையே சான் ஹொசேயில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2005இல் கினியரின் கீழ் அணி லீக்கின் அதிக புள்ளிகளைப் பெற்றுக் கேடயம் வென்றது. அதே டிசம்பரில், சொந்த அரங்கு கட்ட வழி பிறக்கவில்லை என்று சொல்லி, உரிமையாளரான ஏஈஜி நிறுவனம் அணியை ரெக்சாஸின் ஹியூஸ்ரனுக்குக் கொண்டுபோனது. பரம எதிரியான கலக்சியும் அதே நிறுவனத்தின் கையில்தான் இருந்தது. வீரர்கள், பயிற்றுநர்கள், ஒப்பந்தங்கள் எல்லாம் போய்விட்டன. ஹியூஸ்ரன் டைனமோ என்ற பெயரில் அவர்களே 2006, 2007 கிண்ணங்களையும் வென்றார்கள்.

ஆனால் லீக் ஒரு நிபந்தனை வைத்தது. எர்த்குவேக்ஸ் என்ற பெயர், நிறங்கள், கிண்ணங்கள், ஆட்டப் பதிவேடு ஆகியவை சான் ஹொசேக்கே உரியவை. ஹியூஸ்ரன் அணி ஏட்டில் புதிய அணியாகவே தொடங்க வேண்டும். கொமர்ஸ் படித்த எமக்கு இது சுவாரசியமான கணக்கு. சம்பாதிக்கும் சொத்து முழுவதும் இடம்மாறிவிட்டது. நன்மதிப்பு எனும் கட்புலனாகாச் சொத்து மட்டும் ஊரோடு நின்றது. வழமையில் நன்மதிப்பு வாங்கியவனோடு போய்விடும். எமக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். ஆட்கள் வந்து சேர்ந்தோம். பெயரும் பதிவும் நாற்பது வருட உழைப்பின் ஏடுகளும் அங்கே நின்றுவிட்டன. வந்த இடத்தில் எமது பட்டத்தைப் பார்த்தவர்கள் உள்ளூர் அனுபவம் எத்தனை வருடம் என்றுதான் கேட்டார்கள். பூச்சியத்திலிருந்து தொடங்குவதன் செலவு எந்த ஐந்தொகையிலும் வருவதில்லை.

யலொப் அந்த இடைவெளியில் கலக்சியில் இருந்தார். 2006 ஜூனில் பொறுப்பேற்றார். 2007இல் டேவிட் பெக்கம் வந்தார். அப்போது ஓர் அணியின் சம்பளத்துக்கு லீக் விதித்த உச்சவரம்பு சுமார் 21 இலட்சம் டொலர். பெக்கமுக்காகவே கொண்டுவரப்பட்ட புதிய விதியின்படி, அவர் எவ்வளவு வாங்கினாலும் வரம்பில் 4 இலட்சம் மட்டும் கழிக்கப்படும். மிச்சப் பணத்தில் ஏனைய வீரர்களைத் தேட வேண்டும். பெக்கம் கணுக்கால் காயத்தோடு வந்து பாதிப் பருவம் வெளியில் இருந்தார். அணி இரண்டு வருடமும் பிளேஓஃப் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. உலகம் முழுக்கக் கமெரா திரும்பியிருந்த ஒரே இடத்தில் யலொப் தோற்றார் என்பதை மறைக்கத் தேவையில்லை. நட்சத்திரங்களை வைத்து வேலைவாங்கும் ஆள் அவர் அல்லர்.

2008இல் எர்த்குவேக்ஸ் மறுபடி உயிர்பெற்றது. அதே பெயர், அதே நிறம், பழைய இரண்டு கிண்ணங்கள். ஆடுவதற்குத்தான் ஒருவரும் இல்லை. சான்ரா கிளாரா பல்கலைக்கழகத்தின் பக் ஷோ அரங்கில், பத்தாயிரம் பேர் அளவுக்கு இருக்கை. யலொப் திரும்பி வந்தார். முதல் இரண்டு வருடமும் அணி மேற்குப் பிரிவில் கடைசி. வேறு இடமென்றால் பயிற்றுநரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இங்கே பொறுத்தார்கள்.

2009 நடுப்பகுதியில் ஹியூஸ்ரனிலிருந்து ஒரு பண்டமாற்றில் ஒருவர் வந்தார்: கிறிஸ் வொண்டலவ்ஸ்கி. பிளசன்டனுக்கு வடக்கே அதே 680இல் இருக்கும் டான்வில் ஊர்ப் பிள்ளை. சிக்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடி, 2005இல் சான் ஹொசேயால் தெரிவுசெய்யப்பட்டு, அணியோடு சேர்ந்து ஹியூஸ்ரனுக்குப் போய், அங்கே பெரும்பாலும் வாங்கில் இருந்தவர். 26 வயதாகியும் லீக்கில் அடித்த கோல்கள் சொற்பம். யலொப் அவரை நம்பி முன்களத்தில் நிறுத்தினார். 2010இல் 18 கோல்கள், லீக்கிலேயே அதிகம். அந்த வருடம் பிளேஓஃப்பில் தியரி ஹென்றியின் நியூயோர்க் அணியை வெளியேற்றினார்கள். 2011 மீண்டும் சறுக்கல்.

2012இல் எல்லாம் கூடிவந்தது. 34 ஆட்டங்களில் 19 வெற்றி, 66 புள்ளிகள், 72 கோல்கள். பெரிய பெயர்கள் எதுவும் இல்லாத அணி. கடைசி நிமிடங்களில் ஆட்டத்தைத் திருப்புவதே அவர்கள் தொழிலாயிற்று. மே மாதம் கலக்சியின் சொந்த மைதானத்தில் 0–2 என்று பின்தங்கியிருந்து, இறுதிக் கட்டத்தில் மூன்று கோல் போட்டு வென்றார்கள். லீக் கேடயம் சான் ஹொசேக்கு. வொண்டலவ்ஸ்கியின் கோல்கள் 27. ஆம், 1996இல் லாசிற்றர் வைத்த அதே சாதனை எண். அன்று அந்த 27ஐ அணித்தோழராகப் பார்த்தவர், பதினாறு வருடம் கழித்து இன்னொரு 27ஐப் பயிற்றுநர் இருக்கையிலிருந்து பார்த்தார். இரண்டாவது முறையாக ஆண்டின் சிறந்த பயிற்றுநர் விருது கிடைத்தது. ஆனால் பிளேஓஃப்பின் முதல் தடையிலேயே கலக்சி அவர்களை வெளியேற்றியது. வருடம் முழுக்கச் சேர்த்ததை ஒரு வாரத்தில் இழக்கவைக்கும் இந்த அமெரிக்க முறையை எம்மால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அடுத்த வருடம் தொடக்கம் சரியில்லை. 2013 ஜூனில் இரு தரப்பும் பேசிப் பிரிந்தார்கள். பிறகு சிக்காகோவில் இரண்டு பருவங்கள். 2014இல் அந்த அணி 34 ஆட்டங்களில் 18ஐச் சமநிலையில் முடித்து, வெற்றியும் தோல்வியும் இல்லாத ஒரு விசித்திர சாதனை படைத்தது. 2015 செப்ரெம்பரில் அவரை நீக்கினார்கள். அதன் பின் அரிசோனாவின் பீனிக்ஸ் உட்படக் கீழ்ப்பிரிவு அணிகள்.

வொண்டலவ்ஸ்கி 2021 வரை ஆடி 171 லீக் கோல்களோடு ஓய்வுபெற்றார். எம்எல்எஸ் வரலாற்றில் அதுவே அதிகம். யலொப் சான் ஹொசேயிலிருந்து போய் இரண்டு வருடம் கழித்து, 2015இல், எர்த்குவேக்ஸ் விமான நிலையத்துக்கு அருகே சொந்த அரங்கைத் திறந்தது. 2005இல் அந்த அரங்கு இல்லாததால்தான் அணி பறிபோனது.

யலொப் பின்னர் பிரெஸ்னோ நகரின் அணியில் பொது முகாமையாளராக இருந்தார். அந்த அணியும் 2019இல், சொந்த அரங்கு கிடைக்காமல், கலைக்கப்பட்டது. அதன் லீக் உரிமம் கடற்கரைப் பக்கம் சென்று, மொன்ரரே குடாவின் சீசைட் நகரில் புதிய கழகமாக 2022இல் ஆடத் தொடங்கியது. முதல் பயிற்றுநர் யலொப்தான். 2024 வரை, அறுபது வயதுவரை, அங்கே இருந்தார்.