பிள்ளையை யார் பார்ப்பது? வேலைக்குப் போகும் தாய் தகப்பனுக்கு அரசாங்கம் தருவதும் தராததும்

என் உம்மாவுக்கு முழங்கால் வலி கூடி, ஆறு வாரம் நடமாட்டத்தைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்லிவிட்டார். அந்த ஆறு வாரமும் நான் ஒரு கட்டுரைகூட எழுதவில்லை. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. உம்மா அவளைப் பார்த்துக்கொண்டதால்தான் நான் காலையில் பஸ் ஏறிப் பொத்துவில் வரை போய்ச் செய்தி சேகரித்து வர முடிந்தது. உம்மா கட்டிலில் கிடந்தபோதுதான் அது எனக்குக் கணக்காக விளங்கியது.

டே கெயார் தேடினேன். விசாரித்த இடங்களில் ஒன்று நண்பகலோடு மூடும் நேர்சரி. மாலை வரை பிள்ளையை வைத்திருக்கும் இன்னொன்று, என் மாத வருமானத்தில் ஏறக்குறையப் பாதியைக் கேட்டது. இதற்கு அரசாங்க உதவி ஏதும் உண்டா என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கச்சி திருப்பிக் கேட்டா: "ஏன் ராத்தா, உங்கட உம்மா இல்லையா?"

அவ கேலியாகக் கேட்கவில்லை. இந்த நாட்டில் பிள்ளைப் பராமரிப்பு உண்மையில் எதில் தங்கி நிற்கிறதோ அதைத்தான் கேட்டா. அதன் பிறகு நான் தேடி அறிந்தவற்றை, எங்களைப் போன்ற பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன்.

சுருக்கமான பதில்

இலங்கையில் வேலைக்குப் போகும் பெற்றோரின் பகல் பராமரிப்புச் செலவுக்கென அரசாங்கம் தரும் பொதுவான கொடுப்பனவு எதுவும் இல்லை. தனிநபர் வருமான வரியிலும் அந்தச் செலவுக்கெனத் தனிக் கழிவு கிடையாது. சட்டப்படி கிடைப்பவை பிரசவ லீவு, பாலூட்டும் இடைவேளை, தாய்க்கும் பிள்ளைக்குமான போசாக்கு உதவி, வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசும ஆகியவையே. இவற்றிலும் எது யாருக்குக் கிடைக்கும் என்பது நீங்கள் செய்யும் தொழிலைப் பொறுத்தது.

பிரசவ லீவு யாருக்கு, எத்தனை நாள்?

அரச ஊழியரான தாய்க்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் விடுமுறை உண்டு. அதன்பின் விரும்பினால் அரைச் சம்பளத்துடன் 84 நாட்களும், சம்பளமின்றி மேலும் 84 நாட்களும் எடுக்கலாம். எங்கள் கரையோர ஊர்களில் ஆசிரியைகளும் தாதியரும் அலுவலக உத்தியோகத்தர்களும் ஓரளவு நிம்மதியாகப் பிள்ளை பெறுவதற்கு இதுவே காரணம்.

தனியார் துறையில் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. கடையிலோ அலுவலகத்திலோ வேலை செய்பவர்கள் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர்கள் சட்டத்தின் கீழ் வருவர். தொழிற்சாலை, தோட்டம் போன்ற ஏனைய இடங்களில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பொருந்தும். முன்னர் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 84 நாட்களும், மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாட்களும் மட்டுமே இருந்தன. 2018இல் இரண்டு சட்டங்களும் திருத்தப்பட்டு, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாட்கள் என்றாகிவிட்டது. "மூணாவது புள்ளைக்குப் பாதி லீவுதான்" என்று இன்றும் சொல்லும் முதலாளிமார் உண்டு. அது பழைய கதை. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நிறுத்துவதும் சட்டவிரோதம்.

தகப்பனுக்கு அரச துறையில் மூன்று நாட்கள் விடுமுறை உண்டு. தனியார் துறையில் சட்டப்படி எதுவும் இல்லை. நிறுவனம் தன் விருப்பத்தில் தந்தால் உண்டு.

1939ஆம் ஆண்டின் சட்டத்துக்கு வெளியே நிற்பவர்களையும் சொல்ல வேண்டும். இடைக்கிடை கிடைக்கும் வேலையைச் செய்பவரும், வீட்டிலிருந்து வேலை செய்து கொடுப்பவரும் அதற்குள் வரமாட்டார்கள். மருதமுனையின் கைத்தறி நாடறிந்தது. வீட்டிலேயே தறியில் இருந்து கூலிக்கு நெய்து கொடுக்கும் பெண்ணுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. வயல் அறுவடைக்குக் கூலிக்குப் போகும் பெண்ணுக்கும், வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவருக்கும், கட்டுரைக்குக் கூலி வாங்கும் எனக்கும் பிரசவ லீவு என்று ஒன்று இல்லை. நான் பிள்ளை பெற்று நாற்பது நாள் கழிய முன்னரே மடிக்கணினியைத் திறந்தது ஆர்வத்தினால் அல்ல.

வேலைக்குத் திரும்பிய பின்

1939ஆம் ஆண்டின் சட்டப்படி, ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு ஒன்பது மணி நேர வேலையில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் தரப்பட வேண்டும். வேலைத்தளத்தில் பிள்ளைக் காப்பகமோ பொருத்தமான இடமோ இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இந்த நேரம் உணவு இடைவேளையில் கழிக்கப்படக் கூடாது. நான் பேசிய பெண்கள் பலர் இப்படியொரு உரிமை இருப்பதையே கேள்விப்பட்டிருக்கவில்லை.

காப்பகம் என்ற எண்ணம் இந்த நாட்டுக்குப் புதியதல்ல. மலையகத்தில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவங்கள் பல தசாப்தங்களாக இருக்கின்றன. இன்று அவற்றில் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறியுள்ளன. மலையகப் பெண்களின் ஏனைய கஷ்டங்களை இது மறைத்துவிடாது. ஆனால் ஒன்று தெரிகிறது: பெண்ணின் உழைப்பு இல்லாமல் தொழில் நடக்காது என்று முதலாளிக்கு விளங்கிய இடத்தில், பிள்ளையைப் பார்க்க ஓர் இடம் வந்திருக்கிறது.

பணமாகவும் உணவாகவும் கிடைப்பவை

கர்ப்பிணியாகப் பதிவு செய்தவுடன் போசாக்குக் கொடுப்பனவைப் பற்றிக் கேளுங்கள். 2015இல் மாதம் 2,000 ரூபா வீதம் பத்து மாதங்களுக்கு என்று தொடங்கிய இத்திட்டம், பின்னர் மாதம் 4,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த சிறு பிள்ளைகளுக்கும் திரிபோஷா கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இரண்டுக்கும் முதல் வாசல் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது மிட்வைஃப்தான்.

அஸ்வெசும 2023 ஜூலையில் தொடங்கியது. 2025 ஜனவரியிலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாவும், மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாவும் என உயர்த்தப்பட்டது. இது முழுக் குடும்பத்தின் செலவுக்கானது. போரில் கணவனை இழந்து, அல்லது காணாமலாக்கப்பட்ட கணவனைத் தேடிக்கொண்டு, தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மார் வடக்கிலும் கிழக்கிலும் நிறையப் பேர். உழைப்பவரும் அவரே, பிள்ளையைப் பார்ப்பவரும் அவரே. அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கும் என்று அஸ்வெசும கேட்பதில்லை.

நேர்சரி நண்பகலோடு முடிகிறது

முன்பள்ளிகளின் மேற்பார்வை 13ஆவது திருத்தத்தின்படி மாகாண சபைக்கு உரியது. கிழக்கில் அதற்கென முன்பள்ளிக் கல்விப் பணியகம் இயங்குகிறது. தெரிவு செய்யப்பட்ட முன்பள்ளிகளில் அரசாங்கம் காலை உணவு வழங்குகிறது. ஒரு பிள்ளைக்கு ஒதுக்கப்படும் தொகையை 60 ரூபாவிலிருந்து 100 ரூபாவாக்க 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. இது நல்ல விடயம்.

ஆனால் நேர்சரி காலை எட்டு மணியளவில் தொடங்கி நண்பகலுக்குள் விட்டுவிடும். கடை வேலையோ மாலை ஐந்து, ஆறு வரை போகும். நேர்சரி பிள்ளையைப் படிப்பிப்பதற்கானது. வேலைக்குப் போகும் தாயின் நேரத்தை மனதில் வைத்து அது அமைக்கப்படவில்லை. மூன்று வயதுக்கு முந்திய பிள்ளைக்கு அதுவும் இல்லை. பகல் பராமரிப்பு நிலையம் அமைக்க விரும்புவோருக்கு 2019ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் சலுகைக் கடனை அறிவித்தது. அப்போதும் கடன் நிலையம் நடத்துபவருக்கே. மாதக் கட்டணம் கட்டும் தாய்க்கு எதுவும் வரவில்லை.

உம்மம்மாவின் கணக்கு

எங்கள் கரையோரத்தில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் வீடு பெண்பிள்ளைக்கே எழுதப்படும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். உம்மாவின் வீட்டு வளவிலோ அடுத்த வளவிலோ மகள் குடியிருப்பாள். ஆகவே இங்கே பேரப்பிள்ளையைப் பார்ப்பது பெரும்பாலும் தாயின் தாய். நேர்சரி விட்ட பிறகு பிள்ளையைக் கூட்டி வருவதும், சோறு தீத்துவதும், பின்னேரம் ஓதப்பள்ளிக்கு அனுப்புவதும் உம்மம்மாதான்.

இந்த ஒழுங்கு எவ்வளவு எளிதில் உடையும் என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. சாய்ந்தமருது, கல்முனைக்குடி, மருதமுனை என்று கடலோரம் அழிந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிழைத்தவர்கள் பலர் மாடி வீட்டுத் திட்டங்களுக்குப் போனார்கள். உம்மா ஒரு திட்டத்திலும் மகள் வேறொரு திட்டத்திலுமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. போர் இடம்பெயர்த்த குடும்பங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

உம்மம்மா வெளிநாட்டு வேலைக்கும் பிணையாக நிற்கிறார். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் போக முடியாதிருந்தது. பொருளாதார நெருக்கடியின் நடுவில், 2022இல், அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. தாய் நாட்டை விட்டுப் போகும்போது பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்ட அரசாங்கம், ஊரிலேயே வேலைக்குப் போகும் தாயிடம் அதைக் கேட்கவில்லை.

இலங்கையில் வேலை செய்யும் அல்லது வேலை தேடும் பெண்கள் மூன்றில் ஒரு பங்கு அளவே. ஆண்களில் அது ஏறக்குறைய 70 சதவீதம். இதற்குப் பல காரணங்கள் உண்டு. பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமை அவற்றில் முக்கியமானது.

மற்ற நாடுகளில்

லண்டனில் இருக்கும் உறவினரிடம் கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் 2025 செப்டெம்பர் முதல், தகுதியுள்ள பெற்றோர் வேலை செய்தால், ஒன்பது மாதக் குழந்தை முதல் பாடசாலை சேரும் வரை வாரம் 30 மணி நேரப் பராமரிப்பை, வருடத்தில் 38 வாரங்களுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கிறது. கனடா ஒரு நாளுக்குச் சராசரி 10 டொலர் என்ற இலக்கோடு 2021இல் திட்டம் தொடங்கியது. அவை பணக்கார நாடுகள் என்பது சரி. இந்தியாவும் 2017இல் பிரசவ விடுமுறையை 26 வாரமாக்கி, 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனங்கள் காப்பகம் வைக்க வேண்டுமெனச் சட்டம் செய்தது.

நாங்கள் செய்யக்கூடியது

கர்ப்பம் உறுதியானதும் மிட்வைஃபிடம் பதிவு செய்யுங்கள். முதலாளிக்கு எழுத்தில் அறிவித்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். லீவோ இடைவேளையோ மறுக்கப்பட்டால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம். பிள்ளையை டே கெயாரில் விடுமுன் அது பதிவு செய்யப்பட்டதா என்று பிரதேச செயலகத்தின் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

இல்லாததைக் கேட்கவும் இடமுண்டு. பல உள்ளூராட்சி சபைகள் முன்பள்ளிகள் நடத்துகின்றன. அதே கட்டடத்தை மாலை ஐந்து வரை திறந்து வைக்க முடியுமா என்று எங்கள் உறுப்பினர்களிடம் கேட்கலாம். வடிகான், தெருவிளக்கு, மைதானம் என்று வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இதை யாரும் கேட்டதாக நான் இதுவரை கேள்விப்படவில்லை.

என் உம்மா இப்போது மெதுவாக நடக்கிறா. நான் இதை எழுதும்போது மகள் அவவுடன் முற்றத்தில் இருக்கிறாள். உம்மாவுக்கு அறுபத்தேழு வயது. எத்தனை வருடம் இன்னும் அவவிடம் கேட்கலாம் என்பது எனக்குத் தெரியாது. அவ எனக்கு மாதம் எவ்வளவு மிச்சப்படுத்தித் தருகிறா என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.