எந்த ஊர் தீயணைப்பு வண்டி வரும்?

மாவட்ட எல்லைகளைப் பாடமாக நடத்தியபோது இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

1666-இல் லண்டன் எரிந்த பிறகு, அங்கே காப்பீட்டுக் கம்பெனிகள்தான் தீயணைக்க ஆள் வைத்திருந்தன. 1833-இல் பல கம்பெனிகள் சேர்ந்து ஒரே படை அமைத்து, நகரைப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டன. நியூயார்க்கில் தெருமுனை அபாயப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. அந்த எண் ஒலித்தால் முதலில் எந்த நிலையம், அடுத்து எது என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். அதாவது எல்லையைவிடத் தூரம்தான் கணக்கு.

நம் அரியலூர் 2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்தது, 2002-இல் சேர்ந்தது, 2007-இல் மறுபடி பிரிந்தது. முகவரி மாற்றி எழுதியே சலித்துப்போனோம்!

அந்தச் சமயம் எல்லையோரக் கிராமத்தில் உறவுக்காரர் வீட்டுக் கூரை பற்றிக்கொண்டது. 'பெரம்பலூருக்குச் சொல்வதா, அரியலூருக்கா?' என்று ஆண்கள் பேசிக்கொண்டு நிற்க, குடத்தோடு ஓடியவர்கள் பெண்கள்தான். வண்டி வந்தபோது மண்சுவர்தான் மிச்சம். பிள்ளைகளின் புத்தகமும் போயிற்று.

தீ என்றால் உடனே 101-ஐ அழையுங்கள். மாவட்டத்தை யோசித்துத் தயங்காதீர்கள். தேவைப்பட்டால் பக்கத்து மாவட்ட வண்டியும் வரும். ஊர், வரும் பாதை, அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி, இவற்றைச் சொல்லுங்கள். ஒருவர் தார்ச்சாலை முனையில் நின்று வண்டிக்கு வழி காட்டட்டும்.