ப்ரமோஷனும் கரியரும்

வேலையில் மேலே போவதற்கு ஆங்கிலத்தில் நாலைந்து சொற்கள் உண்டு. தமிழில் எல்லாவற்றையும் 'உயர்வு' என்று சொல்லிச் சமாளித்துவிடுகிறோம். அமெரிக்காவில் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் என் போன்ற கணினித் துறையினருக்கு அப்படிச் சமாளிப்பது சில சமயம் ஆபத்து.

'ப்ரமோஷன்' லத்தீன் வழி வந்தது; முன்னே நகர்த்துதல் என்று பொருள். நகர்த்துபவர் வேறொருவர். ஆகவேதான் 'ஐ ப்ரமோட்டட்' என்று நம்மவர் சொன்னால் காதில் இடறுகிறது. 'ஐ வாஸ் ப்ரமோட்டட்' என்பதே சரி. 'அட்வான்ஸ்' அப்படியல்ல, நாமே முன்னேறலாம். பதவிப்பெயர் மாறாமல் பொறுப்பும் திறமையும் கூடினாலும் அது அட்வான்ஸ்மென்ட்தான். இச்சொல்லின் நடுவிலிருக்கும் 'டி' எழுத்து, லத்தீன் முன்னொட்டு என்று தவறாக எண்ணிப் பிற்காலத்தில் செருகியது. பிரெஞ்சு மூலத்தில் அது இல்லை.

சம்பளம் மட்டும் கூடினால் அமெரிக்கர்களுக்கு 'ரெய்ஸ்', பிரிட்டனில் 'ரைஸ்', நம்மூர் அரசு அலுவலகத்தில் 'இன்கிரிமெண்ட்'.

'கரியர்' என்பதை நம்மில் பலர் டிபன் கேரியர் போலவே உச்சரிக்கிறோம். தொழிலைக் குறிக்கும்போது அழுத்தம் இரண்டாம் அசையில் விழவேண்டும். வேடிக்கை என்னவென்றால் இரண்டும் உறவுக்காரச் சொற்கள்; வண்டியைக் குறிக்கும் 'கர்ரஸ்' என்ற லத்தீன் சொல்லே இரண்டுக்கும் மூலம். கரியர் முதலில் பந்தயப் பாதை. வாழ்நாள் தொழில் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில்தான் வழக்குக்கு வந்தது. வினைச்சொல்லானால் இன்றும் தறிகெட்டு ஓடுவதையே குறிக்கும்!

இனி கிரீன் கார்டு. நிறுவனம் ஒரு குறிப்பிட்ட வேலைக்காகத்தான் விண்ணப்பிக்கிறது. இடையில் ப்ரமோஷன் வந்து வேலையின் தன்மையே மாறிவிட்டால், தொழிலாளர் சான்றிதழிலிருந்து மறுபடி தொடங்க நேரலாம். 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி விட்டது: கடைசிப் படியான ஐ-485 விண்ணப்பம் 180 நாள் நிலுவையில் இருந்தால், 'அதே அல்லது ஒத்த' வகை வேலைக்கு மாறலாம். நிரல் எழுதியவர் மேலாளர் ஆனால் அது ஒத்த வேலையா? 2016 மார்ச்சில் குடியேற்றத் துறை வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பு இங்கே 'கரியர் ப்ரொக்ரெஷன்' என்கிறது, அதாவது தொழிலின் இயல்பான வளர்ச்சி. தாம் முன்பு செய்த வேலையைச் செய்பவர்களையே மேற்பார்வையிடும் பதவி என்றால் ஒத்ததாகக் கொள்ள இடமுண்டு. சம்பந்தமில்லாத துறைக்குத் தலைவரானால் அந்த வாதம் நிற்பது கடினம், சம்பளம் எவ்வளவு கூடினாலும்.

அதனால்தான் எனக்குத் தெரிந்தவர்கள் பலர் புதிய பதவியின் பெயரைவிட, அதன் வேலை விவரத்தை முதலில் வக்கீலிடம் காட்டுகிறார்கள். விருந்து அதற்குப் பிறகுதான்.