மதுரைக்கால் நோய்: நிறம் தரும் தடயமும் வண்ணப் படங்களின் பயன்பாடும்

மருத்துவப் பாடநூல்களிலும் விழிப்புணர்வுப் பதாகைகளிலும் இடம்பெறும் படங்கள் பலவற்றில் நிறம் இல்லாவிட்டாலும் பொருள் விளங்கிவிடும். எலும்பின் அமைப்பையும் கை கழுவும் முறையையும் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியமே தெளிவாகக் காட்டும். சில நோய்களில் அவ்வாறன்று. மைசெட்டோமா எனப்படும் மதுரைக்கால் நோயில், புண்ணிலிருந்து வெளிவரும் சிறு துகள்களின் நிறமே நோய்க்காரணியைப் பற்றிய முதல் தடயமாகும். இந்நோயை முன்வைத்து, வண்ணப் படங்களை எவ்வாறு பயன்படுத்த வேண்டும், எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இப்பக்கம் விளக்குகிறது. கிராம சுகாதார செவிலியர்கள், சுகாதார ஆய்வாளர்கள், செவிலிய மாணவர்கள் ஆகியோருக்கும் பொதுமக்களுக்கும் இது பயன்படும்.

நோயின் தன்மை

மண்ணிலும் முட்செடிகளிலும் வாழும் சில பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் முள் குத்திய காயம், வெட்டுக்காயம் ஆகியவற்றின் வழியே தோலுக்கு அடியில் சென்று தங்குவதால் இந்நோய் உண்டாகிறது. வெறுங்காலுடன் வயலில் இறங்குவோர், ஆடு மாடு மேய்ப்போர், சீமைக் கருவேல முள் வெட்டுவோர் ஆகியோருக்கு வாய்ப்பு மிகுதி. கொட்டாம்பட்டி வட்டாரத்தில் இவ்வேலைகள் அன்றாடம் நடைபெறுபவை. முள் குத்தியதை நோயாளி மறந்து பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் கழிந்த பின்னரே பாதத்தில் கெட்டியான வீக்கம் தோன்றும். பெரும்பாலும் வலி இராது. வலி இல்லாததே இந்நோயின் பெருங்கேடு. வேலைக்குத் தடையில்லாத வரை எவரும் மருத்துவமனைக்கு வருவதில்லை. பின்னர் வீக்கம் புரையோடி, பல துளைகள் உண்டாகி, அவற்றின் வழியே சீழும் குருணை போன்ற துகள்களும் வெளிவரும். கவனிக்காமல் விட்டால் எலும்பு அரிக்கப்பட்டு, பாதத்தையே அகற்ற நேரிடலாம். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

மதுரையின் பெயரும் கார்ட்டரின் படங்களும்

1842ஆம் ஆண்டு மதுரையில் பணியாற்றிய கில் என்னும் மருத்துவர் இந்நோயைப் பதிவு செய்தார். 1846இல் அதே ஊரில் பணியாற்றிய கோல்புரூக் இதனை மேலும் விவரித்தார். ஊரின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் நோய்க்காரணிகளுக்கு இடப்பட்ட மதுரெல்லா, ஆக்டினோமதுரா என்னும் அறிவியல் பெயர்களிலும் மதுரை இருக்கிறது. இந்நோய் சூடான், மெக்சிகோ முதலிய நாடுகளிலும் பரவலாகக் காணப்படுவதால், பெயரை வைத்து இதனை நம் ஊர் நோய் என்று மட்டும் கருத வேண்டியதில்லை.

பூஞ்சைக் கட்டி என்னும் பொருளில் மைசெட்டோமா என்ற பெயரை 1860ஆம் ஆண்டு வழங்கியவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். மும்பை கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தவர். 1858இல் வெளிவந்து இன்றுவரை மருத்துவ மாணவர்கள் பயிலும் கிரேயின் உடற்கூறியல் நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் இவரே. அந்நூலின் முதல் பதிப்பில் படங்கள் மரச்செதுக்கு அச்சில், நிறமின்றி வெளிவந்தன. தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் காட்ட அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் 1874இல் மைசெட்டோமா பற்றித் தனி நூல் வெளியிட்டபோது கார்ட்டர் வண்ணப் படங்களைச் சேர்த்தார். கறுப்புத் துகள் வகை, வெளிர் துகள் வகை என்று இந்நோயை அவர் பிரித்துக் காட்டியிருந்தார். அந்த வேறுபாட்டை நிறமில்லாமல் அச்சிட இயலாது. எந்தப் படத்துக்கு நிறம் தேவை என்பதை முடிவு செய்ய இவ்விரு நூல்களையும் விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

நிறம் எதைச் சொல்லும்

துகள்கள் கறுப்பாக இருப்பின் நோய்க்காரணி பெரும்பாலும் பூஞ்சை. மதுரெல்லா மைசெட்டோமாட்டிஸ் இவற்றுள் முதன்மையானது. சிவப்பாக இருப்பின் ஆக்டினோமதுரா பெல்லெட்டியேரி என்னும் பாக்டீரியா. வெண்மையாகவோ மஞ்சளாகவோ இருப்பின் இரண்டில் எதுவும் இருக்கலாம். அங்கே நிறத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. மேலும், உறைந்து காய்ந்த இரத்தமும் மண்துகளும் கறுப்பாகவே தோன்றும். சில வகைகளில் துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாகவும் இருக்கும்.

இந்த வேறுபாடு முக்கியமானது. ஏனெனில் சிகிச்சை முற்றிலும் வேறு. பாக்டீரியா வகைக்குக் கோட்ரைமாக்சசோல், அமிகாசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பல மாதங்கள் தரப்படுகின்றன; பெரும்பாலோர் அறுவை சிகிச்சையின்றிக் குணமடைவர். பூஞ்சை வகைக்கு இட்ராகோனசோல் போன்ற மருந்து நீண்ட காலம் தேவைப்படுவதோடு அறுவை சிகிச்சையும் பலருக்கு வேண்டியிருக்கும். ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்குப் பயன் தராது. மருந்துக்கடையில் தாமாக மருந்து வாங்கி உட்கொள்வோர் இழப்பது பணம் மட்டுமன்று. எலும்பு கெடாமல் இருக்கும் காலத்தையும் இழக்கின்றனர்.

ஆகவே படத்தைக் கண்டு ஐயம் கொள்ளலாம். உறுதி செய்வது ஆய்வகமே. துகளை நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்கும்போது ஒரு மைக்ரானுக்கும் குறைந்த மெல்லிய இழைகள் தெரிந்தால் பாக்டீரியா என்றும், அதனினும் பலமடங்கு தடித்த இழைகள் தெரிந்தால் பூஞ்சை என்றும் அறியலாம். கிராம் சாயமேற்றினால் பாக்டீரியா இழைகள் ஊதா நிறம் கொள்ளும். திசுப் பரிசோதனையும் வளர்ப்புச் சோதனையும் தேவைக்கேற்பச் செய்யப்படும்.

மாநிறத் தோலில் சிவப்பு

அழற்சி உள்ள இடம் சிவந்திருக்கும் என்று பாடநூல்கள் கூறுகின்றன. அவற்றிலுள்ள வண்ணப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. நம் மக்களின் தோலில் அதே அழற்சி கருமை கூடியதாகவும், பளபளப்பாகவும், சில வேளைகளில் கருஞ்சிவப்பாகவும் மட்டுமே தெரியும். படத்தில் கண்ட சிவப்பைத் தேடும் மாணவர் நோயாளியின் பாதத்தில் அது இல்லை என்று எழுதிவிடக்கூடும். இக்குறையை உணர்ந்து லண்டன் செயின்ட் ஜார்ஜ் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் மலோன் முக்வெண்டே தம் ஆசிரியர்களுடன் சேர்ந்து 2020இல் கருமை நிறத் தோலில் நோய்க்குறிகளை விளக்கும் கையேடு ஒன்றை வெளியிட்டார். நம் பயிற்சி வகுப்புகளில் நம் மக்களின் தோலில் எடுத்த படங்களே முதலில் காட்டப்பட வேண்டும். படத்தோடு நில்லாமல், பாதத்தைத் தொட்டு வெப்பத்தையும் கெட்டித்தன்மையையும் அறிவதும், மற்றப் பாதத்தோடு ஒப்பிடுவதும் இன்றியமையாதவை.

படம் எடுப்போரும் அச்சிடுவோரும்

களப்பணியில் கைப்பேசியில் எடுக்கும் படம் மேல்நிலை மருத்துவருக்கு உதவும். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இன்றி எடுக்க வேண்டும்; மஞ்சள் விளக்கொளியில் வெண்துகள் மஞ்சளாகிவிடும். துகள்களை உப்புக் கரைசலில் நனைத்த வெள்ளைக் காஸ் துணியில் வைத்து, அருகில் அளவுகோல் வைத்து எடுத்தால் நிறமும் அளவும் ஒருங்கே தெரியும். அழகூட்டும் வடிகட்டிகளைப் பயன்படுத்தக் கூடாது. நோயாளியின் ஒப்புதல் பெறுவது கட்டாயம். முகமும் பெயரும் படத்தில் இடம்பெறலாகாது. அந்தப் படத்தைப் பிற குழுக்களில் பகிர்வதும் தவறு.

வண்ணத்தில் வந்த பயிற்சி ஏட்டைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்து வழங்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அத்தகைய நகலில் சிவப்புத் துகளும் கறுப்புத் துகளும் ஒன்றுபோல் இருக்கும். வண்ண நகலுக்கு வழியில்லையெனில் அப்பக்கத்தை வழங்காமல் இருப்பதே நன்று. வெயில் படும் சுவரில் ஒட்டிய பதாகை நாளடைவில் வெளிறும். அதிலும் சிவப்பே பெரும்பாலும் முதலில் மங்கும். ஆண்களில் சிலருக்குச் சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு உண்டு என்பதால், ஒவ்வொரு படத்தின் கீழும் நிறத்தின் பெயரைச் சொல்லாலும் எழுத வேண்டும்.

எப்போது வர வேண்டும்

பாதத்திலோ கையிலோ வலியற்ற கெட்டி வீக்கம் சில வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், ஆறிய புண் மீண்டும் மீண்டும் திறந்து சீழ் வடிந்தாலும், கட்டுத்துணியில் குருணை போன்ற துகள் தென்பட்டாலும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். துகள் படிந்த கட்டுத்துணியை எறிந்துவிடாமல், சுத்தமான மூடியிட்ட டப்பாவில் வைத்துக் கொண்டுவருவது நல்லது. கொட்டாம்பட்டிப் பகுதியினர் தேவைக்கேற்ப மேலூர் அரசு மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ பரிந்துரைக்கப்படுவர். துளைகளில் சுண்ணாம்போ பச்சிலையோ அப்ப வேண்டாம். துகளின் நிறம் மாறிவிடுவதோடு வேறு கிருமிகளும் சேரும். வயலுக்கும் மேய்ச்சலுக்கும் செல்லும்போது காலை மூடும் செருப்பு அணியவும். முள் குத்தினால் அதனை முழுமையாக எடுத்து, சோப்பிட்டுக் கழுவவும். ஐயங்களுக்கு 104 என்னும் எண்ணை அழைக்கலாம்.