மின்னஞ்சல் வழங்கிகளும் மறைந்து நிற்கும் உழைப்பும்

2022ஆம் ஆண்டு பிறந்த முதல் நாளன்று உலகின் பல பாகங்களிலும் கம்பனிகளின் கடிதங்கள் நடுவழியில் நின்றுவிட்டன. அனுப்பியவர் அனுப்பினார், பெறவேண்டியவர் பெறவில்லை. மைக்ரோசொப்ட் கம்பனியின் 'எக்ஸ்சேஞ்ச்' என்னும் மின்னஞ்சல் மென்பொருளின் 2016, 2019ஆம் ஆண்டுப் பதிப்புகள் இயங்கிய வழங்கிக் கணினிகளிலே கடிதங்கள் வரிசை வரிசையாகத் தேங்கின. பகைவர் எவரும் தாக்கவில்லை, மின்சாரமும் தடைப்படவில்லை. நாட்காட்டியில் ஆண்டு மாறியது, அவ்வளவே.

காரணம் எளியது. ஒவ்வொரு கடிதத்திலும் நச்சுநிரல் உண்டோ எனச் சோதிக்கும் பகுதியொன்று அம்மென்பொருளில் உண்டு. அப்பகுதியின் பதிப்பெண் திகதியைக் கொண்டே அமைந்தது: ஆண்டுக்கு இரண்டு இலக்கம், மாதத்துக்கு இரண்டு, நாளுக்கு இரண்டு, அவற்றின் பின்னே நான்கு இலக்கத் தொடரெண். அவ்வெண்ணை இடுவதற்கென ஒதுக்கப்பட்ட இடமோ 2,147,483,647 என்னும் எண்ணுக்கு மேற்பட்ட எதனையும் கொள்ளாது. 2021 முடியும்வரை எண் 21 என்று தொடங்கியமையால் இடம் போதுமாயிருந்தது. புத்தாண்டில் அது 2,201,010,001 ஆயிற்று. எண் இடத்தை மீறியது, சோதனைப் பகுதி செயலிழந்தது, கடிதங்கள் நின்றன.

புத்தாண்டு விடுமுறையில் இருந்த பராமரிப்பாளர்கள் பணிக்கு அழைக்கப்பட்டனர். சோதனையை நிறுத்திவைத்துக் கடிதங்களை விடுவிப்பதே அவர்கள் கண்ட முதல் வழி. பின்னர் கம்பனி அளித்த பரிகாரம் விந்தையானது. புதிய பதிப்புக்கு 2112330001 என்று எண்ணிட்டார்கள். அதாவது, 2021ஆம் ஆண்டு டிசம்பர் 33ஆம் திகதி!

எந்த நாட்காட்டியிலும் இல்லாத இந்த நாளை வேடிக்கையாகக் கொண்டு சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால், இதன் பின்னே இரு வினாக்கள் நிற்கின்றன. நாம் அன்றாடம் நம்பியிருக்கும் இக்கருவிகள் யாருடைய உழைப்பினால் நிலைத்து நிற்கின்றன? அவ்வுழைப்புக்குரிய விலையைக் கொடுக்காதவிடத்து நட்டம் யாரைச் சென்றடைகின்றது? மின்னஞ்சல் வழங்கியின் அரை நூற்றாண்டு வரலாற்றை இவ்வினாக்களோடு அணுகுவதே எமது நோக்கம்.

வழங்கி என்பது ஒரு தபாற் கந்தோர் போன்றது. எழுதுவோரிடம் கடிதத்தை வாங்கி, முகவரியைப் பார்த்து, உரிய மற்றொரு வழங்கியிடம் ஒப்படைப்பது அதன் கடமை. 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரிலே றே ரொம்லின்சன் என்னும் பொறியியலாளர், ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினியிலுள்ளவருக்குக் கடிதம் அனுப்பும் நிரலை எழுதினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிப்பதற்கு அவர் தெரிந்தெடுத்த குறியே இன்றுவரை முகவரிகளின் நடுவில் நிற்கின்றது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பணத்தில் கட்டப்பட்ட ஆர்ப்பாநெற் வலையமைப்பிலே இது பிறந்தது. படைத்துறையின் பணத்திற் பிறந்த ஒன்று பொதுச்சொத்தாக வளர்ந்தமை வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும்.

1982ஆம் ஆண்டில் ஜொன் பொஸ்ரெல் என்னும் அறிஞர், வழங்கிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிகளை எழுதி வெளியிட்டார். அவற்றைப் படிக்கவோ, அவற்றின்படி மென்பொருள் ஆக்கவோ எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. அவ்விதிகளின் அழகு அவற்றின் தெளிவிலே தங்கியுள்ளது. வழங்கிகள் மூன்றிலக்க எண்களால் மறுமொழி கூறும். 2இல் தொடங்கும் எண் 'ஏற்றுக்கொண்டேன்' என்று பொருள்படும். 4இல் தொடங்குவது 'இப்போது இயலாது, பின்னர் வருக' என்பது. 5இல் தொடங்குவது 'ஒருபோதும் இயலாது' என்பது. 4இல் தொடங்கும் மறுமொழி கிடைத்தால் அனுப்பும் வழங்கி கடிதத்தை எறிந்துவிடலாகாது. வரிசையில் வைத்து, நான்கைந்து நாள்களுக்கேனும் மீண்டும் மீண்டும் கதவைத் தட்டவேண்டும் என்பது பின்னர் வகுக்கப்பட்ட நியதி. பழுது உலகின் இயல்பு என்பதை ஏற்று, அதற்கு இடங்கொடுத்து அமைக்கப்பட்ட ஏற்பாடு இது.

பழுதுபார்க்கும் கலையும் இங்கேதான் பிறந்தது. கடிதம் போய்ச்சேரவில்லையென்றால், பராமரிப்பாளர் தாமே ஒரு வழங்கிபோல் நடித்து மற்ற வழங்கியோடு கைப்பட உரையாடிப் பார்க்கலாம். முகவரிப் பெயர் கண்டுபிடிக்கப்படுகின்றதா, நம்பகச் சான்றிதழ் காலாவதியாயிற்றா, வட்டில் இடமுண்டா என ஒவ்வொன்றாக நோக்குவார். எக்ஸ்சேஞ்ச் வழங்கியை எடுத்துக்கொண்டால், அது தான் செய்வதனைத்தையும் முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். பொதுவாக, காப்புப் பிரதி எடுக்கப்பட்ட பின்னரே பழைய பதிவேடுகள் நீங்கும். காப்புப் பிரதி எடுப்பதை எவரேனும் கைவிட்டால், பதிவேடுகள் குவிந்து வட்டு நிறையும். ஒருநாள் தபாற் கந்தோரே மூடிக்கொள்ளும். மேலதிகாரி காண்பது அந்த ஒருநாளை; அதற்கு முந்திய நூறு நாள்களின் அசட்டையை அவர் காண்பதில்லை.

இக்கலையின் முதற் பெருஞ் சோதனை 1988 நவம்பர் 2ஆம் திகதி வந்தது. பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஓல்மன் ஆக்கிய 'சென்ட்மெயில்' என்னும் நிரலே அக்காலத்தில் பெரும்பாலான கடிதங்களைச் சுமந்தது. வெவ்வேறு வலையமைப்புகளின் முகவரி முறைகளை ஒன்றோடொன்று இணைத்துவைத்த அரிய படைப்பு அது. அதிலே பிழை தேடுவதற்கென வைத்த வழியொன்று பல கணினிகளில் அடைக்கப்படாமலே கிடந்தது. றொபேட் மொறிஸ் என்னும் மாணவர் அவிழ்த்துவிட்ட நிரற்புழு அவ்வழியாலும் வேறு வழிகளாலும் புகுந்து பரவியது. இணைப்பிலிருந்த ஏறத்தாழ 60,000 கணினிகளுள் 6,000 வரை பாதிக்கப்பட்டதாக அக்காலத்தில் கணித்தனர். பழுதுபார்ப்போனுக்கெனத் திறந்த கதவு பிறருக்கும் திறந்தே இருந்தது என்பது அன்று கிடைத்த முதற் பாடம்.

மற்றொரு பாடமும் அன்று கிடைத்தது. பேர்க்லியிலும் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலும் இருந்தோர் இரவுபகலாகப் புழுவைப் பிரித்தாராய்ந்து, கண்ட பரிகாரத்தை அனைவருக்கும் இலவசமாக அறிவித்தனர். ஆனால், அச்சத்தால் பலர் தம் கணினிகளின் இணைப்பைத் துண்டித்திருந்தமையால் பரிகாரம் சுமந்த கடிதமே சிலரிடம் போய்ச்சேரவில்லை!

1990களில் நிலைமை மாறியது. தொழிலகங்களும் வங்கிகளும் கடிதமின்றி இயங்கவியலாத நிலை தோன்றியபோது, மின்னஞ்சல் வழங்கி ஒரு பெரும் விற்பனைப் பண்டமாயிற்று. 1996இல் எக்ஸ்சேஞ்ச் சந்தைக்கு வந்தது. கடிதம், நாட்குறிப்பு, முகவரி நூல் அனைத்தையும் ஒருங்கே தந்த அது கம்பனி அலுவலகங்களைக் கவர்ந்ததில் வியப்பில்லை. எனினும், பண்டத்துக்கு ஆயுள் உண்டு. பெரும்பாலான பதிப்புகளுக்கு ஏறத்தாழப் பத்தாண்டு. அதன்பின் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டாலும் விற்றவர் பொதுவாக அவற்றை அடைத்துத்தரமாட்டார். 2013ஆம் ஆண்டுப் பதிப்பின் ஆயுள் 2023 ஏப்ரல் 11ஆம் திகதியும், 2016, 2019ஆம் ஆண்டுப் பதிப்புகளின் ஆயுள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியும் முடிந்தன. அடுத்து வந்த பதிப்பின் பெயரிலேயே 'சந்தா' என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. வாங்கிவைத்துக்கொள்வது என்பது போய், ஓயாது செலுத்திக்கொண்டிருப்பது என்பது வந்துவிட்டது.

பராமரிப்பாளரின் வாழ்க்கையும் இந்த ஒழுங்குக்குள் அடங்கிற்று. 2003ஆம் ஆண்டு தொடக்கம் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தங்கள் வெளிவருகின்றன. அமெரிக்க மேற்குக் கரையின் காலைப் பத்து மணி, கொழும்பில் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. திருத்தத்தை இடுவதற்கு வழங்கியை நிறுத்தவேண்டும். நிறுத்தினால் அலுவல் தடைப்படும். ஆகவே ஊரார் உறங்கும் வேளையே அவருக்கு வேலைவேளை. எக்ஸ்சேஞ்ச் திருத்தமொன்றை நிருவாகிக்குரிய உரிமையின்றித் திறந்தால், சில கோப்புகள் மாறாமலே விடப்படும். பிழையென்று ஒரு சொல்லும் திரையில் தோன்றாது. மறுநாள் இணையவழிக் கடிதப்பெட்டி திறக்க மறுக்கும். இத்தகைய நுட்பங்களை இராக்கண் விழித்துக் கற்றவரின் உழைப்பு, எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. கணக்கேட்டிலே அது வெறுஞ் செலவாகவே எழுதப்படுகின்றது.

2021இல் இதன் விளைவு உலகறிய வெளிப்பட்டது. எக்ஸ்சேஞ்ச் வழங்கிகளில் இருந்த பெரும் ஓட்டையைத் தாய்வான் ஆய்வாளர்கள் ஜனவரி 5ஆம் திகதி கம்பனிக்கு அறிவித்தனர். திருத்தம் மார்ச் 2ஆம் திகதியே வந்தது. அதற்கிடையில் ஊடுருவல் தொடங்கிவிட்டது. முதலில் வெளியிட்ட திருத்தமும் அண்மைய பதிப்புகளுக்கே பொருந்திற்று. பின்தங்கியிருந்தோர் முதலில் படியேறவேண்டியிருந்தது. பல்லாயிரம் நிறுவனங்கள் பாதிக்கப்பட்டன. ஈற்றில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை நீதிமன்ற அனுமதி பெற்று, நூற்றுக்கணக்கான கணினிகளுக்குள் தானே நுழைந்து ஊடுருவியோர் விட்டுச்சென்ற கள்ளச் சாவிகளை அகற்றியது. கதவின் ஓட்டையை அது அடைக்கவில்லை. அந்த வேலை அப்போதும் பராமரிப்பாளருக்கே எஞ்சியிருந்தது.

இக்கதை தூர தேசத்தோடு முடிந்துவிடவில்லை. 2023 ஓகஸ்டில் எமது நாட்டின் அரசாங்க மேகக் கணினி அமைப்பு, தரவுகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் கும்பலொன்றினால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புக்குள்ளாயின. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீட்கமுடியாது அழிந்தன. அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி இணைப்புக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கவில்லை. அங்கு இயங்கியது எக்ஸ்சேஞ்ச் 2013. அதன் ஆயுள் நான்கு மாதங்களுக்கு முன்னரே முடிந்திருந்தது. 2021 முதலே அதைப் புதுப்பிக்கத் திட்டமிட்டும், நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய பணிப்பாளர் சபை முடிவுகளாலும் அது தாமதமாயிற்று என்று தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் கூறியது.

இவ்விளக்கத்தை நாம் ஊன்றி நோக்கவேண்டும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்தவியலாது என்று அறிவித்த நாடு இது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற காலத்தில், ஒரு வழங்கியின் புதுப்பிப்பு யார் நினைவில் நிற்கும் என்று கேட்கலாம். ஆயினும் ஒன்று உண்மை. விற்பவரின் நாட்காட்டி வாங்குபவரின் வறுமையை அறியாது. வழங்கியின் ஆயுள் முடியும் திகதி எங்கோ நிர்ணயிக்கப்படுகின்றது. அத்திகதிக்குள் பணம் தேட முடியாத வறிய அரசு ஆபத்தைச் சுமக்கின்றது. அழிந்த கடிதங்களின் பாரமோ அதிகாரத்திலுள்ளோரைவிட, மறுமொழிக்குக் காத்திருக்கும் குடிமகனையும் அதைத் தேடவேண்டிய எழுதுவினைஞரையுமே அழுத்துகின்றது. இணைப்புக்கு வெளியே ஒரு பிரதியை எடுத்து வைத்தலோ பெருஞ் செலவு வேண்டும் காரியமன்று; அதை அன்றாடம் செய்வதற்கு ஒருவரை நியமித்து, அவர் செய்தாரா என்று பார்ப்பதற்கு இன்னொருவரை நியமிக்கும் ஒழுங்கே வேண்டும். வறுமை ஒருபுறம், பராமரிப்பை வேலையாகவே மதியாத மனப்பான்மை மறுபுறம். இரண்டாவதற்கு நாமே பொறுப்பு.

'வழங்கியை நீங்கள் வைத்திருக்கவேண்டாம். எம்மிடம் ஒப்படைத்துவிடுங்கள்' என்று பெருங் கம்பனிகள் கூறுகின்றன. சிறு நிறுவனங்களுக்கு அதில் நன்மையுண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால், 2023இல் மைக்ரோசொப்டின் சொந்த வழங்கிகளிலே, களவுபோன சாவியொன்றைக் கொண்டு அமெரிக்க அரசாங்கத் திணைக்களங்களின் கடிதங்களே வாசிக்கப்பட்டன. அதைக் கண்டுபிடிக்க உதவிய பதிவேடுகள் அப்போது கூடுதற் கட்டணம் செலுத்தியோருக்கு மட்டுமே காட்டப்பட்டன. கட்டணம் செலுத்தியிருந்த இராசாங்கத் திணைக்களம் கண்டது. செலுத்தாதோர் காண வழியிருக்கவில்லை. அந்த ஊடுருவல் தடுக்கப்பட்டிருக்கக் கூடியதே என 2024இல் அமெரிக்க அரசின் மீளாய்வுச் சபை முடிவுசெய்தது. கண்டனத்தின் பின்னரே அப்பதிவேடுகள் மேலதிகக் கட்டணமின்றித் திறக்கப்பட்டன.

எவரும் கற்கவும் திருத்தவும் கூடிய 'போஸ்ட்பிக்ஸ்', 'எக்சிம்' முதலிய பொது மென்பொருள்கள் இன்றும் உள்ளன. அவை விற்பவரின் ஆயுட் கணக்கிலிருந்து எம்மை விடுவிக்கும். ஆனால், உழைப்பிலிருந்து விடுவிக்கமாட்டா. 2019இல் எக்சிம்மிலும் பேரோட்டை காணப்பட்டது. உடனே திருத்தம் இட்டவர் தப்பினர், இடாதவர் அகப்பட்டனர். விலையின்றிக் கிடைக்கும் மென்பொருளைக் கொண்டு, வேதனமின்றிப் பராமரிப்புப் பெறலாம் என எண்ணுவது பேதைமை.

எனவே, ஆசிரியர்களும் மாணவர்களும் கணினியைக் கற்பிக்கும்போதும் கற்கும்போதும், புதியதை ஆக்கியோரின் பெயர்களோடு நின்றுவிடாது, ஆக்கப்பட்டதை நாள்தோறும் காத்து நிற்போரின் வேலையையும் பாடமாக்கவேண்டும் என்பது எமது துணிபு. அரசாங்கப் பாதீட்டிலே கருவி வாங்குவதற்கு ஒரு வரி இருக்குமாயின், அதைப் பேணுவோருக்கும் ஒரு வரி இருக்கவேண்டும். பேணுவோருக்கு இடமில்லாத பாதீட்டில் வாங்கப்பட்ட கருவி, அழிந்துபோன அந்த நூறு நாட்கடிதங்களைப் போலவே, என்றோ ஒருநாள் மக்களின் கணக்கிலேயே எழுதப்படும்.