மதுரைச் சுங்குடி: முடிச்சும் பெயரும்



இங்கே வாசலூர்பட்டியில் பத்து நாள் விடாத மழை. கொல்லிமலை ஈரம் உங்களுக்குத் தெரிந்ததுதான், பெட்டிக்குள் இருக்கும் துணிக்கும் பூஞ்சணம் பிடித்துவிடும். நேற்று வெயில் தலைகாட்டியதும் என் துணைவியார் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் கொடியில் போட்டார். அதில் ஒன்று அவருடைய அம்மாவின் அரக்குச் சிவப்புச் சுங்குடி. பக்கத்திலேயே, மூன்று வருடத்துக்கு முன் நான் ஒரு கடையில் ‘ஒரிஜினல் மதுரைச் சுங்குடி’ என்று வாங்கி வந்த புடவை. இரண்டும் அடுத்தடுத்துக் காற்றில் ஆடியபோதுதான் நான் ஏமாந்தது புரிந்தது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

சுங்குடியின் சூட்சுமம் ரொம்ப எளிமையானது. நெய்த பருத்தித் துணியில் புள்ளி வரவேண்டிய இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலால் இறுக்கிக் கட்டிவிட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் போகாது. காய்ந்தபின் அவிழ்த்தால் அந்த இடம் மட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. குஜராத்தின் பாந்தினியும் இதே முறைதான். அதே குஜராத்தின் படோலாவும் தெலங்கானாவின் போச்சம்பள்ளியும் வேறு வழி: அங்கே நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயம் ஏற்றுவார்கள், அதன்பிறகுதான் தறி.

குஜராத் முறை வைகைக் கரைக்கு எப்படி வந்தது? அதைக் கொண்டுவந்தவர்கள் சௌராஷ்டிர மக்கள். பட்டுநூல்காரர் என்று நம் பக்கம் சொல்வார்களே, அவர்கள். இன்றும் வீட்டில் சௌராஷ்டிர மொழிதான் பேசுகிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் மந்தசோர் என்ற ஊரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. லாட நாட்டிலிருந்து, அதாவது தெற்கு குஜராத்திலிருந்து, குடிபெயர்ந்த பட்டு நெசவாளர்கள் 5-ஆம் நூற்றாண்டில் அங்கே சூரியன் கோயில் கட்டியதை அது சொல்கிறது. அவர்களையும் மதுரைக்காரர்களையும் ஒரே வழியில் வந்தவர்களாக இணைத்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு அது கொஞ்சம் நீளமான பாலமாகத்தான் படுகிறது. நாயக்கர் காலத்துக்கு வந்தால் கால் தரையில் பதிகிறது. திருமலை நாயக்கர் (1623–1659) மகாலைச் சுற்றி அவர்கள் குடியிருப்பு வளர்ந்தது. ராணி மங்கம்மாள் காலத்தில் பூணூல் மாற்றும் சடங்கு செய்ததற்காக அவர்களில் 18 பேரைப் பிடித்து வைத்ததும், ராணி பண்டிதர்களைக் கூட்டி விசாரித்து அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதிக் கொடுத்ததும் மதுரை வரலாற்றில் பதிவான செய்தி.

இனி அந்தச் சிவப்பு. அந்நாளில் அது சாயவேரிலிருந்து வந்தது. இம்பூறல் என்றும் சொல்வார்கள். ராமேசுவரம் தீவின் மணலில் விளைந்த வேருக்குத் தனி மதிப்பு. கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் டச்சுக்காரர்கள் இதை வருமானமாகவே நடத்தினார்கள். படிகாரம் சேர்த்தால்தான் இந்தச் சாயம் துணியைப் பிடிக்கும். வைகைத் தண்ணீருக்குத்தான் அந்தப் பளபளப்பு என்று மதுரைக்காரர்கள் சொல்வார்கள். அந்தத் தண்ணீரின் இன்றைய நிலையை நான் சொல்ல வேண்டாம்!

1869-இல் ஐரோப்பிய வேதியியலாளர்கள் அலிசரின் என்ற சிவப்பைச் செயற்கையாகச் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், நம் சாயவேருக்குள் இருந்த பொருளும் அதே அலிசரின்தான். மண்ணைத் தோண்டி, வேரை இடித்து, நாள்கணக்கில் ஊறவைத்து எடுத்தது ஜெர்மனியிலிருந்து டப்பாவில் வந்து இறங்கியது. வேர் தோண்டினவர்களின் பிழைப்பு போயிற்று. ஆனால் சுங்குடி போகவில்லை. சாயம் எதுவானாலும் முடிச்சுப் போட விரல் வேண்டுமே.

இரண்டாவது அடி அந்த விரலுக்கே விழுந்தது. முடிச்சுப் போட்டவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். சமையல் முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கட்டுவார்கள். பல நாள் உழைப்புக்குக் கிடைத்த கூலி சொற்பம். அதே புள்ளியை அச்சுக்கட்டையை உருகிய மெழுகில் தோய்த்து ஒத்தி எடுத்தால் ஒரே நாளில் பல புடவை முடிந்துவிடும். பிறகு ஸ்கிரீன் பிரிண்ட் வந்தது. மகள் அம்மாவின் திண்ணையில் உட்காரவில்லை என்றால் மகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்திதான். ஆனால் கடைப் பலகையில் இருக்கும் பெயர் அலமாரியில் இருக்கும் புடவைக்குப் பொருந்துகிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் பார்க்கவில்லை. கடைக்காரர் சிரித்துக்கொண்டே மடித்துக் கொடுத்தார், நானும் சிரித்துக்கொண்டே பணம் கொடுத்தேன்.

நீங்களாவது பாருங்கள். ஸ்கிரீன் பிரிண்டில் பின்பக்கம் வெளிறியிருக்கும். மெழுகு அச்சில் எல்லாப் புள்ளியும் அச்சில் வார்த்தாற்போல ஒன்றாக இருக்கும். கையால் கட்டியதில் ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது, சற்றே கோணலாக இருக்கும். விரலால் தடவினால் ஒவ்வொரு புள்ளியிலும் சின்னச் சுருக்கம் தட்டுப்படும், நூல் இறுக்கிய தடம் அது.

மாமியாரின் புடவையை மடிக்கும்போது, “இஸ்திரி போட்டுத் தரட்டுமா?” என்று கேட்டேன். “போட்டீங்கன்னா அந்தச் சுருக்கம் போயிடும், சும்மா இருங்க” என்று பிடுங்கிக்கொண்டார்.